ஆள்காட்டி விரலும் நாலு கம்பியும்

போன வாரம் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் தொழிலை எழுதிவரச் சொன்னார்களாம். பெரியவள் 'பாவு பிணைப்பவர்' என்று எழுதினாள். சின்னவன் 'ஹெவி மெட்டல் பேஸ் கிட்டார் கலைஞர்' என்று எழுதினான். இரண்டு நோட்டையும் பார்த்த டீச்சர், உங்க வீட்டுல எத்தனை அப்பா என்று கேட்டாராம். சாப்பிடும்போது இதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் இருவரும் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. ஆனால் படுத்த பிறகு, இதை ஒரு நாள் ஒழுங்காக எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். சம்பவத்தை மட்டும் திருத்த வேண்டாம், அது நடந்தபடியே இருக்கட்டும்.

இரண்டு பேர் எழுதியதும் சரிதான். எட்டு வருஷம் நான் ஒரு மெட்டல் குழுவில் பேஸ் வாசித்தேன். வேலூர், சென்னை, பெங்களூரு என்று மேடை ஏறினேன். ஒரு சிடி கூட வந்தது. உறையில் என் படம் தபால்தலை அளவுக்கு இருக்கும். குழுவில் இருந்த மற்றவர்கள் படிப்பு முடிந்து ஒவ்வொருவராக வேலைக்குப் போனபோதுதான் அது நின்றது. அந்த எட்டு வருஷமும் வாரத்தில் ஆறு நாள் நான் ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் பட்டுப் பாவுதான் பிணைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டில் ஒன்று முதல் வருஷத்திலேயே போயிருக்க வேண்டியது. எது போகும் என்பது என் வலது கை ஆள்காட்டி விரலின் நுனித்தோலில் இருந்தது. அந்தக் கதைதான் இது.

பாவு பிணைப்பது உங்களுக்குத் தெரியும், பார்த்திருக்கிறீர்கள். தெரியாத யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைக்கட்டுதான் பாவு. ஒரு பாவு நெய்து தீரும்போது பழைய இழைகளின் முனைகள் மட்டும் தறியில் மிச்சம் நிற்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அந்தந்தப் பழைய இழையோடு சேர்த்து, விரலில் துளி சாம்பல் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, முறுக்குதான். இப்படி ஆயிரக்கணக்கான இழைகள். நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. இந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம், பலம் வேண்டாம். விரல் நுனி மட்டும் குழந்தையின் கன்னம் மாதிரி இருக்க வேண்டும். கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் பட்டு அதில் மாட்டிப் பிசிறு எழும்பும். பிசிறு எழுந்த இழை தறியில் அறுந்துகொண்டே இருக்கும்.

எனக்கு வேலை கொடுத்த முதலாளிக்கு இதற்கென்று ஒரு பழக்கம் உண்டு. பாவை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பட்டு நூல் சிட்டத்திலிருந்து முறுக்காத இழை ஒன்றை உருவி, நம் விரல்மேல் போட்டு மெதுவாக இழுப்பார். இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு காதைக் கிட்டே கொண்டுவருவார். சத்தம் வராமல் இழை வழுக்கிப் போனால் பாவு நமக்கு. சின்னதாகச் 'சர்' என்றாலும் அன்றைக்கு வேலை இல்லை. வயலில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள், வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் எல்லாரும் அந்த இழையில் மாட்டியிருக்கிறார்கள். நான் அதுவரை ஒரு தடவையும் மாட்டியதில்லை.

இனி பேஸுக்கு வருகிறேன். நான் பாடகனாகத்தான் போனேன். தொண்ணூறுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், ஊரில் இருந்த மெல்லிசைக் குழு ஒன்றில் போய் நின்றேன். குழுவை நடத்தியவர் ஆர்மோனியப் பெட்டிமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு என் பாட்டை இரண்டு வரி கேட்டார்.

"போதும்பா. கையக் காட்டு."

காட்டினேன். திருப்பிப் பார்த்தார்.

"விரலு நீட்டமா கீது. எங்க பேஸ் கிட்டார்காரன் துபாய்க்குப் போய்ட்டான். நாலே கம்பிதான். கத்துக்கிறியா?"

பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மரியாதையை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

கிட்டாரில் ஆறு கம்பி, பேஸில் நாலு. கம்பிகள் தடிமன், சத்தம் அடியில். கல்யாண வரவேற்பில் பாடகியைப் பார்ப்பார்கள், தபேலாக்காரரைப் பார்ப்பார்கள், மணப்பெண்ணையும் பார்ப்பார்கள். பேஸ் வாசிப்பவனை அவனுடைய சொந்தக்காரர்கள்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கிட்டாரின் கம்பிகளும் துபாய்க்காரர் காலத்திலேயே தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தன. மெல்லிசைக்கு அதைத் தடவினாலே போதும். ஞாயிற்றுக்கிழமை தடவுவேன், திங்கட்கிழமை முதலாளியின் இழை சத்தமில்லாமல் என் விரலில் வழுக்கிப் போகும். மூன்று வருஷம் ஒரு பேஜாரும் இல்லை.

முதலாளியின் மகன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். டிரம்ஸ் அடிப்பான். அவர்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் எங்கள் குழு வாசித்தபோது மேடைக்குப் பின்னால் வந்து என்னைப் பிடித்தான். அவனும் கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மெட்டல் குழு வைத்திருக்கிறார்களாம். பேஸ் வாசித்த பையனுக்கு அரியர் ஏறிப்போய் அவன் அப்பா கிட்டாரைப் பிடுங்கி வைத்துவிட்டாராம். நீங்க வாங்கண்ணா என்றான். மெட்டல் என்றால் என்ன என்று கேட்டேன். வாயால் சொல்ல முடியாது என்று மறுநாள் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தான்.

வீட்டில் டேப் ரெக்கார்டரில் போட்டேன். அரை நிமிஷம் ஆகியிருக்காது, அடுப்படியிலிருந்து எங்கம்மா எட்டிப் பார்த்து, "இன்னாடா, டேப்பு சிக்கிக்கிச்சா?" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து தன் மோட்டாரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கும் முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் நாள் கேட்கும்போது அத்தனை இரைச்சலுக்கும் அடியில் ஒருத்தன் இருப்பது தெரிந்தது. மேலே எல்லாரும் தலைதெறிக்க ஓடுகிறார்கள், கத்துகிறார்கள். அடியில் இவன் ஒருத்தன் மட்டும் யாரையும் விட்டுவிடாமல் எல்லாரையும் சுமந்துகொண்டு போகிறான். அவனைக் கேட்கக் கற்றுக்கொண்ட பிறகு மற்றதெல்லாம் இரைச்சலாகவே இல்லை.

பிற்பாடு சென்னையில் என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள், தறிச் சத்தத்தில் வளர்ந்ததால்தானே உங்களுக்குத் தாளம் வந்தது என்று. ஆமாம் என்று சொன்னால் அவர்களுக்குச் சந்தோஷம், அதனால் சொல்லியிருக்கிறேன். உண்மை அது இல்லை. ஒரு தெருவில் பத்துத் தறி ஓடினால் பத்தும் பத்து விதமாக அடிக்கும். எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு முதலில் வருவது தாளம் இல்லை. காதை மூடாமலே கேட்காமல் இருப்பதுதான்.

ஒத்திகை முதலாளி வீட்டுக் குடோனில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நாலு பக்கமும் மேல்தட்டு வரை பட்டுச் சேலை மூட்டைகள். அதனால் சத்தம் வெளியே போகாது. மெட்ராஸில் இதற்கென்று பணம் கொடுத்துச் சுவருக்கு மெத்தை அடிப்பார்களாம். எங்களுக்கு அத்தனை மெத்தையும் முகூர்த்தப் பட்டு. முதலாளி போட்ட நிபந்தனைகள் மூன்று. உள்ளே காப்பி டீ கூடாது. மீன் சாப்பிட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வர வேண்டும். வியர்த்தால் வெளியே போய்த் துடைத்துக்கொள்ள வேண்டும். உலகத்திலேயே இவ்வளவு சுத்தமாக ஒத்திகை பார்த்த மெட்டல் குழு நாங்களாகத்தான் இருப்போம்.

கிட்டார் வாசித்தவன் கண்டிப்பான பையன். ஒரு சுரம் தவறினாலும் நிறுத்தி முதலிலிருந்து என்பான். பாடுகிறவன் தடித்த கண்ணாடி போட்டவன், அவன் பேசுவதே நம் காதில் விழாது. எப்போதும் பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பான். அவன் முதல் தடவை மைக்கைப் பிடித்து அடிவயிற்றிலிருந்து உறுமியபோது நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். பாட்டு முடிந்ததும் வெந்நீர் குடித்துவிட்டு, பயந்துட்டீங்களாண்ணா, மன்னிச்சுக்கோங்க என்றான். எனக்கு அர்த்தம் தெரியாமல் வாசிக்கப் பிடிக்காது. அதனால் கேட்டேன்.

"இது எதப் பத்தின பாட்டுப்பா?"

"சாவப் பத்தினதுண்ணா."

"யாரு செத்தாங்க?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தான். "குறிப்பா யாரும் இல்லண்ணா. பொதுவா."

கறுப்புச் சட்டை போட வேண்டும், முடி வளர்க்க வேண்டும் என்றார்கள். வளர்த்தேன். நான் வளர்த்த நேரம் கார்த்திகை மாதம். கறுப்புச் சட்டையும் தாடியுமாகப் பஸ்ஸில் ஏறினால், "சாமி, இப்பிடி உக்காருங்க" என்று எழுந்து இடம் கொடுத்தார்கள். கடையில் டீ வாங்கினால் மாலை போட்ட சாமிகளுக்கென்று கழுவி வைத்த தனி டம்ளர். மலைக்குப் போகவில்லை என்று சொன்னால் நம்புகிறவர்கள் இல்லை. ஒரு அம்மா நெய்த்தேங்காய்க்கு என்று என் கையில் பத்து ரூபாய் வைத்துவிட்டு இறங்கிப்போய்விட்டார். அதை அப்படியே மலைக்குப் போகிற ஒருவரிடம் சேர்த்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிட்டார்காரன் பெங்களூரிலிருந்து பேஸுக்குப் புதுக் கம்பி வாங்கி வந்தான். ஒரு கம்பிமேல் இன்னொரு கம்பியைச் சுற்றினது, தொட்டால் அரம் தொடுவதுபோல இருக்கும். மெட்டலுக்கு அதைத் தடவக் கூடாது, பிடுங்க வேண்டும். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, குதிரை ஓடுகிற மாதிரி. பிளாஸ்டிக் வில்லையால் அடித்துப் பார்த்தேன். டக் டக் என்று கேட்கிறது, விரல்தான் வேண்டும் என்று கிட்டார்காரன் சொல்லிவிட்டான். முதல் வாரம் விரல் எரிந்தது. இரண்டாம் வாரம் கொப்பளம். மூன்றாம் வாரம் எரிச்சல் நின்று, நுனியில் தோல் காய்த்துக் கெட்டியானது. எனக்கு ஒரே பெருமை. அதைத் தட்டிக் காட்டி, இப்போதுதான் வாசிக்கிறவன் கை ஆகியிருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். வீட்டுக்குச் சோறு போடுகிற விரலும் அதுதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

தை மாதம், கல்யாண வேலைகள் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். திங்கட்கிழமை முதலாளி முன்னால் விரலை நீட்டினேன். அவர் இழையைப் போட்டு, கண்ணை மூடி இழுத்தார். சர்.

கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தார். தன் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, விரலா, அரமா?"

சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"நீ கித்தாரு வாசி, வாணான்னு சொல்லல. எம் புள்ளையும்தான் போட்டு ஒடச்சிகினு கீறான். அவன் விரலு எனக்குத் தேவயில்ல. உன் விரலு எனக்குத் தேவ. முள்ளிப்பட்டுல ஒரு கல்யாணப் பாவு கீது. வியாழக்கெழமைக்கு விரலு சரியா இருந்தா நீ. இல்லன்னா வேற ஆளு. ஒரு தபா வேற ஆளு வந்துட்டான்னா அப்புறம் அவன்தான், சொல்லிட்டேன்."

சனிக்கிழமை வேலூர்ப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எங்களுக்குப் போட்டி. எங்கள் முதல் பெரிய மேடை.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். பட்டில் கை வைக்கிறவனுக்குக் காய்த்த தோல் என்றால் தேய்த்து எடுக்க வேண்டிய அழுக்கு. அப்படித்தான் எனக்குப் பழக்கம். வாசிப்பு விரலுக்குள்ளே இருக்கிறது, மேல்தோலில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். மூன்று நாள் வெந்நீரில் ஊறவைத்து, குதிகால் தேய்க்கிற கல்லால் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, காய்ப்பு மொத்தத்தையும் எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை இழை சத்தமே இல்லாமல் போனது. முதலாளி தலையை மட்டும் ஆட்டினார். வியாழனும் வெள்ளியும் முள்ளிப்பட்டில் உட்கார்ந்து அந்தப் பாவைப் பிணைத்து முடித்தேன். அரக்குச் சிவப்பு. அதைப்போல ஒரு பாவை அதற்கு முன்னால் நான் பிணைத்ததில்லை. சனிக்கிழமை காலையில் பேஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும்போது இரண்டு வேலையையும் ஒரே வாரத்தில் சாதித்த தோரணையில் இருந்தேன்.

மூன்று பாட்டு. முதல் பாட்டில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் பாட்டில் ஆள்காட்டி விரல் சுட்டது. மூன்றாம் பாட்டின் நடுவில் கொப்பளம் உடைந்து கம்பியெல்லாம் ஈரம். அடுத்த அடிக்கு விரல் போகவில்லை. கை தானாக நின்றுவிட்டது. மேடையில் நான் வாசித்துக்கொண்டிருந்தது அதுவரை கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. நான் நிறுத்தியதும் எல்லாருக்கும் தெரிந்தது. பாட்டின் அடிப்பலகையை உருவின மாதிரி ஆகிவிட்டது. டிரம்ஸும் கிட்டாரும் தனித்தனியாகத் தொங்கின. பாடுகிற பையன் உறுமலை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஐந்து குழுவில் எங்களுக்கு நாலாம் இடம். ஐந்தாவது குழு வரவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் யாரும் என்னைத் திட்டவில்லை. அது திட்டினதைவிட மோசமாக இருந்தது. ஆரணி வரும்போது கிட்டார்காரன் மட்டும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டுல எதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க. நாங்க வெய்ட் பண்றோம்."

அவன் சொன்னது நியாயம். ஆனால் எனக்கு முடிவு பண்ண முடியவில்லை. பிணைப்பை விட்டால் வீட்டில் உலை இல்லை. பேஸையும் விட மனசில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தில் நான் நிறுத்தினால் தெரிகிறது. அதை எப்படி விடுவது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முள்ளிப்பட்டிலிருந்து ஆள் வந்தது. பிணைத்த பாவில் முதல் ஒரு முழத்துக்குள் முறுக்கு விட்டுப்போனால் பிணைத்தவன்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும், அது வழக்கம். இரண்டு இழை விட்டுவிட்டதாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு போனேன். அந்த வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் மகள். சிவப்புப் பாவு மகளின் தறியில். அந்த மகள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இப்போது தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

அப்போது எங்களுக்குள் பேச்சுப் பழக்கம் அதிகம் கிடையாது. நான் இடது கையால் இழையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கெழம நல்லா இருந்த விரலு, ரெண்டு நாள்ல இன்னாங்க ஆச்சு?" என்றாள்.

அவள் அப்பா காதில் விழாதபடி நடந்ததையெல்லாம் சொன்னேன். கம்பி, காய்ப்பு, குதிகால் கல், நாலாம் இடம், எல்லாம். குதிகால் கல் என்றதும், குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பார்த்தாள்.

"பட்டு முறுக்கறது எந்த வெரல்ல?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேன்.

"அப்ப மீதி மூணும் சும்மாதான கீது. அதுங்களுக்கு ஒரு வேல குடுக்கறது."

திரும்பவும் நாடாவை ஓட்டத் தொடங்கிவிட்டாள். பெரிய யோசனை சொன்னதாக அவள் நினைக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும், இதக் கண்டுபிடிக்க ஒரு ஆளா என்பாள்.

ஆள்காட்டி விரலை விட்டுவிட்டு நடுவிரலாலும் மோதிர விரலாலும் வாசிப்பது. சொன்னால் ஒரு வரி. மோதிர விரல் மாதிரி ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. பக்கத்து விரல் நகர்ந்தால்தான் நகரும். தனியாக வேலை கொடுத்தால் அரை அடி தாமதமாக வரும், வந்ததும் களைத்துப் போகும். சைக்கிள் கைப்பிடியில் தட்டினேன். பஸ் கம்பியில் தட்டினேன். சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் தட்டி எங்கம்மாவிடம் திட்டு வாங்கினேன். கிட்டார்காரனுக்கு நம்பிக்கை இல்லை. யாரும் இப்படி வாசிக்க மாட்டாங்கண்ணா என்றான். முதலாளி மகன்தான், "டைமிங் சரியா வந்தா மூக்கால கூட வாசிங்கண்ணா" என்று தைரியம் சொன்னான். எட்டு மாசம் பிடித்தது. கொப்பளம் ஆறின பிறகு அந்த விரலைக் கம்பியில் அதிகம் படவிடாததால் முதலாளியின் இழையும் மாட்டவில்லை. எட்டு மாசமும் எந்தப் போட்டிக்கும் போகாமல் மூன்று பையன்களும் எனக்காகக் குடோனில் ஒரே மூன்று பாட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதை நீங்கள் மறக்கக் கூடாது. இந்த வீட்டுக்கு வரும்போது அவர்களுக்கு முதலில் தோசை வைப்பது அதற்காகத்தான்.

இன்னொரு சிக்கல் இருந்தது. மெதுவான பாட்டில் ஆள்காட்டி விரல் அடங்கி இருக்கும். சூடு ஏறினால் என்னைக் கேட்காமலே கம்பிக்குப் போய்விடும். பல முறை பார்த்து ஒரு வழி செய்தேன். பட்டு முறுக்கும்போது பிடிக்கிற மாதிரியே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வேன், நடுவில் ஒரு இழை இருப்பதாக நினைத்துக்கொண்டு. விட்டால் இழை போய்விடும் என்ற பயத்தில் அது அசையாது. மற்ற இரண்டு விரலும் கம்பியில் ஓடும். பல வருஷம் கழித்துப் பெங்களூரில் ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டு, இது எந்த வெளிநாட்டுக்காரர் ஸ்டைல் சார் என்று கேட்டான். முள்ளிப்பட்டு ஸ்டைல் என்றேன். தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதிக்கொண்டான்.

ஆயுத பூஜைக்குச் செய்யாறு பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிகழ்ச்சி கிடைத்தது. அவர்கள் கேட்டது மெல்லிசை. தொலைபேசியில் பேசிய முதலாளி மகன், 'இசைக்குழு' என்று மட்டும் சொல்லி ஒப்புக்கொண்டுவிட்டான். மத்தியானம், ஷிப்டு மாறுகிற நேரம். இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் முன்வரிசையில் இருந்த அதிகாரிகள் பொரியை மெல்லுவதை நிறுத்தினார்கள். பின்னால் நின்ற தொழிலாளர்கள் நிறுத்தவில்லை. நாளெல்லாம் பிரஸ் மெஷின் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு எங்கள் சத்தம் என்ன பெரிய சத்தம். மூன்றாம் பாட்டில் தலையை ஆட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, யாரும் போகவில்லை. ஏழு பாட்டு வாசித்தோம். ஏழாவதில் டிரம்ஸ் தலைதெறிக்க ஓடியது. என் ஆள்காட்டி விரல் துடித்தது எனக்குத் தெரிந்தது. இழையை விடாதே, விடாதே என்று சொல்லிக்கொண்டே வாசித்தேன். முடிந்ததும் ஒரு தொழிலாளி மேடைக்கு வந்து வயிற்றைத் தொட்டுக் காட்டி, "உங்களுது இங்க வந்து அடிக்குதுங்க" என்றார். அதைவிடப் பெரிய பரிசு எனக்கு எந்த ஊரிலும் கிடைக்கவில்லை.

ஆனால் எனக்கு அன்றைக்கு முடிவு அது இல்லை. மறுநாள் காலையில்தான் முடிவு. தீபாவளிக்கு முந்தின வேலைகள், முதலாளி வீட்டில் பாவுகள் காத்திருந்தன. முகம் கழுவும்போதுகூட விரலைத் தடவிப் பார்க்கவில்லை. பார்த்தால் தைரியம் போய்விடும் என்று பயம். முதலாளி முன்னால் போய் நீட்டினேன். அவர் சிட்டத்திலிருந்து ஒரு இழையை உருவினார். நேற்று எங்கே போயிருந்தோம் என்பது மகன் மூலமாக அவருக்குத் தெரியும். விரல்மேல் போட்டார். கண்ணை மூடினார். வழக்கத்தைவிட மெதுவாக இழுத்தார். காதை வழக்கத்தைவிடக் கிட்டே கொண்டுவந்தார்.

இழை போய்விட்டது. நான் மூச்சு விட்ட சத்தம்தான் கேட்டது.

அவர் உடனே விரலை விடவில்லை. கையைத் திருப்பி நடுவிரலைத் தொட்டார், மோதிர விரலைத் தொட்டார். இரண்டும் கல் மாதிரி காய்த்திருந்தன. ஒரே கையில் இப்படி ஒரு வித்தியாசத்தை அவர் பார்த்ததில்லை.

"இது இன்னாப்பா?"

"அது ரெண்டும் என் சொந்த விரலுங்க. இது உங்க விரலு."

கையை விட்டார். பிறகு திரும்பி அலமாரியிலிருந்து ஒரு பாவை எடுத்தார். யோசித்து, இன்னொன்றையும் எடுத்து அதன்மேல் வைத்தார். இரண்டும் முள்ளிப்பட்டுக்கு என்றார். நான் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மகனைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடோனில் வலது பக்கத்து மூட்டைகளை இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளச் சொன்னார், நாலு பேர் நிற்க இடம் பத்தாது என்று.